முப்பத்துநான்காவது வாக்கு

கிவிமா
1977 மே 20

ஆர்வோ,

அந்த மசோதாவைக் கொன்றது நீதான். கம்பெனி கொல்லவில்லை. கம்பெனியின் வக்கீல்களும் கொல்லவில்லை. செனட் சபையில் உன் பெயரைக் கூப்பிட்டபோது உன் நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்து நீ கொன்றாய்.

முப்பத்துநான்கு வாக்கு வேண்டும். முப்பத்துமூன்று விழுந்தது. ரேடியோவில் கேட்டோம். உன் அத்தான் ஸ்டான்கோ சமையலறை மேஜையருகே உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மேஜைமேல் தலையணையை வைத்து அதில் சாய்ந்துதான் இப்போது தூங்குகிறார். ரேடியோக்காரன் ஒவ்வொரு பெயராகப் படித்தான். "லெஹ்டினன், வாக்களிக்கவில்லை" என்றான். ஸ்டான்கோ என்னைப் பார்த்தார்.

"மாப்ளைக்கு உடம்புக்கு ஏதோ ஆயிடுச்சு ஹில்யா. போன் போட்டுக் கேளு" என்றார்.

மூச்சு விட முடியாத மனுஷன் உன் உடம்பை நினைத்துக் கவலைப்பட்டார். நான் போன் செய்தேன். நீ நன்றாக இருக்கிறாய், சாப்பிடப் போயிருக்கிறாய் என்று உன் அலுவலகப் பெண் சொன்னாள். அதை அவரிடம் நான் எப்படிச் சொல்வது?

ஆலையை விட்டு மூன்று வருடத்துக்குள் நோயைக் காட்டினால்தான் நஷ்டஈடு என்பது சட்டம். தாது அரவை ஆலையின் தூசி பத்து வருடம் கழித்துத்தான் நெஞ்சில் தன்னைக் காட்டும் என்பது டாக்டர்கள் சொல்வது. சட்டத்தை எழுதியவனுக்கு இரண்டும் தெரியும். அந்தக் கெடுவை எடுக்கத்தான் உன் மசோதா. அதை எங்கள் சமையலறையில் உட்கார்ந்துதான் எழுத ஆரம்பித்தாய், ஸ்டான்கோவின் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு. மூக்கைத் துடைத்துக்கொண்டாய். நான் அதைப் பார்த்தேன்.

ஏன் உட்கார்ந்திருந்தாய்?

ஹில்யா


செயின்ட் பால்
1977 மே 27

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. உன் கோபம் புரிகிறது. நடந்ததை விளக்குவது என் கடமை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. எதிரணியில் ஒருவர் தவிர்க்க முடியாத காரணத்தால் வர முடியாமல் போனால், இந்தப் பக்கத்தில் ஒருவர் தானும் வாக்களிக்காமல் இருந்து அவருக்கு ஜோடி நிற்பார். இருவரும் இருந்திருந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போயிருக்கக்கூடிய வாக்குகள். இதற்கு எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. வாய் வார்த்தைதான். அதை மீறியவனை இந்தச் சபையில் யாரும் திரும்ப நம்பமாட்டார்கள்.

செனட்டர் ஹால்வர் நெஸ்ஸின் மனைவிக்கு அன்று தலையில் அறுவை சிகிச்சை. காலையில் நான் ஜோடி நிற்பதாகச் சொன்னேன். என் வாக்கு இல்லாமலே முப்பத்துநான்கு பேர் என்னிடம் சரி என்று சொல்லியிருந்தார்கள். பிற்பகலில் செனட்டர் டிப்டன் மாறிவிட்டார்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் இங்கே என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். சுரங்கத்தை மூடினால் மூன்று மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு, வேலைநிறுத்தக் காலத்தில் குடும்பங்களுக்கு உதவித்தொகை, ஆலையில் பெண்களுக்குச் சமக் கூலி. ஆலைக் கழிவை ஏரியில் கொட்டக் கூடாது என்பதற்காக எட்டு ஆண்டுகள் போராடினேன். ஒரு வாக்கெடுப்பை வைத்து இவை எல்லாவற்றையும் எடைபோடாதே என்று கேட்டுக்கொள்கிறேன்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

ஆர்வோ லெஹ்டினன்


கிவிமா
1977 ஜூன் 5

ஆர்வோ,

இனி எனக்கு டைப் அடித்த கடிதம் அனுப்பாதே. கீழ் ஓரத்தில் டைப் அடித்த பெண்ணின் பெயரெழுத்துகள் இருந்தன. என் புருஷனுக்கு நீ அனுப்பிய அன்பை அவள் அடித்திருக்கிறாள்.

உன் சட்டங்களை எனக்கு ஒப்பிக்க வேண்டாம். அவற்றோடு குடியிருப்பவள் நான். சமக் கூலி வந்த வருடம்தான் நான் ஆலைக் கேன்டீனில் முதல் முறையாக ஒரு ஆண்பிள்ளையின் சம்பளத்தை வாங்கினேன். அன்றைக்குச் சம்பள உறையை அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தேன், உனக்குத் தெரியாது. மூன்று மாத முன்னறிவிப்பு இல்லாவிட்டால் எதிர்வீட்டு வில்யோ வீட்டை விற்றிருப்பான். ஏரி மறுபடி தெளிந்துவிட்டது. அதனால்தான் கோபம் இவ்வளவு வருகிறது, புரிகிறதா? நீ அந்தப் பக்கத்து ஆளாக இருந்தால் நான் ஒரு ஸ்டாம்பைக்கூட வீணாக்கியிருக்கமாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை யூனியன் ஹாலில் காபிக்குக் கூடினோம். ஆஞ்சலா ப்ரிமோஷ் வந்திருந்தாள். அவள் புருஷன் தூசியில் போய் மூன்று வருடம் ஆகிறது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"ஏன் ஹில்யா, உன் தம்பிக்கு அன்னிக்கு நாக்குல சுளுக்கா?"

"ஆஞ்சலா, சும்மா இரு."

"இல்ல, தேர்தலுக்குத் தேர்தல் என் வாசல்ல வந்து பேசுன வாயாச்சே, அதான் கேட்டேன். அந்த நெஸ்ஸு பொண்டாட்டிக்குத் தலையில கத்தி வெச்சாங்களாம். என் ஆளுக்கு நெஞ்சையே பொளந்தாங்க. எனக்கு யாரு ஜோடி நின்னா?"

ஸ்டான்கோவும் அங்கே இருந்தார். படியேற முடியாமல் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். "என் மாப்ள எதையும் யோசிக்காம செய்யமாட்டான்" என்றார். அதைச் சொல்ல மூன்று முறை மூச்சு வாங்கினார். உனக்காக என் புருஷன் செலவழித்த மூச்சு அது.

இன்னொன்று. நம் ஊர்ப் பத்திரிகையில் எழுதியிருக்கிறான்: முப்பத்துநான்கு என்பது வந்தவர்களில் பாதி அல்ல, மொத்தச் சபையில் பாதிக்கு மேல். அப்படியென்றால் நெஸ் வராமல் இருப்பதே எதிர்த்து வாக்களித்த மாதிரிதானே? அவர் வந்து எதிர்த்திருந்தாலும், நீ வாய் திறந்திருந்தால் முப்பத்துநான்கு ஆகியிருக்குமே? பிறகு எதற்கு அவருக்கு ஜோடி?

இதற்கு நீயே பேனாவை எடுத்துப் பதில் எழுது.

ஹில்யா


செயின்ட் பால்
1977 ஜூன் 19

அக்கா,

பத்திரிகைக்காரன் எழுதியது சரி.

ஜோடி நிற்கும் பழக்கம் திருத்தங்களுக்காக ஏற்பட்டது. அங்கே வந்தவர்களின் கை எந்தப் பக்கம் அதிகம் என்பதுதான் கணக்கு, ஆளுக்கு ஆள் கழித்தால் நியாயம். இறுதி வாக்கெடுப்பில் அது ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் உதவும். இருபத்திரண்டு வருடமாக இங்கே இருப்பவனுக்கு இது தெரியாதா என்று கேட்பாய். தெரியும். காலையில் தோன்றவில்லை. ஹால்வர் நடைபாதையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அவ்வளவு உயரமான ஆள், மழையில் நனைந்த குதிரை மாதிரி நின்றார்.

"ஆஸ்பத்திரியில இருந்து கூப்புட்டாங்க ஆர்வோ. என்னை எதுக்கு இங்க நிக்கவெச்சிருக்காங்கன்னே தெரியல."

"போங்க ஹால்வர். நான் ஜோடி நிக்கறேன். எதையும் யோசிக்காம போங்க."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. டிப்டன் எழுந்து 'இல்லை' என்றபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கட்சித் தலைவர் என் முதுகுக்குப் பின்னால் வந்து குனிந்தார்.

"எழுந்திருய்யா. ஜோடியை உடை. நாளைக்குப் போயி அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம்."

"வார்த்தை குடுத்துட்டேன்."

"ஆயிரம் பேரோட நெஞ்சு இதுல இருக்கு ஆர்வோ."

"அதுல ஒரு நெஞ்சு எங்க அக்கா வீட்டுல இருக்கு. எனக்குத் தெரியாதா?"

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவை அடக்கம் செய்த நாள் நினைவிருக்கிறதா? நான் கிவிமாவில் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தேன். இங்கே, அந்த மூன்று மாத முன்னறிவிப்பின் கழுத்தை அறுக்க ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். சரிசமமாக நின்று அது விழுந்தது. ஹால்வர் எனக்கு ஜோடி நின்றிருந்தார். அவர் கட்சிக்காரர்கள் அவரைத் துரோகி என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். வில்யோவின் வீடு அப்படித்தான் பிழைத்தது. நான் போட்ட சட்டங்களில் பாதி, என்னைப் பிடிக்காதவர்கள் என் வார்த்தையை நம்பியதால் வந்தவை. என் கையில் வேறு சரக்கு இல்லை. பணம் இல்லை, கம்பெனி இல்லை.

போன வாரம் அவரிடம் போனேன். அவர் மனைவி பிழைத்துவிட்டார். "அடுத்த வருஷம் மசோதாவை மறுபடி கொண்டுவரேன், நீங்க ஆதரிக்கணும்" என்றேன். "ஆர்வோ, நான் உங்ககிட்ட ஜோடிதான் வாங்கினேன். நீங்க என்னை வாங்கலையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அத்தானிடம் இதைப் படித்துக் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம். நான் சரியாகத்தான் செய்தேன் என்று எழுத ஆரம்பித்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

ஆர்வோ


கிவிமா
1977 நவம்பர் 22

ஆர்வோ,

மான் வேட்டைக்கு வந்த சாக்கில் நீ வந்துபோனதிலிருந்து வீடு கொஞ்சம் இலகுவாக இருக்கிறது. வேட்டைக்கு வந்தவன் துப்பாக்கியைக் காரை விட்டு இறக்கவே இல்லை. ஸ்டான்கோ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். சிரித்தால் இருமல் வருகிறது. வந்தாலும் சிரிக்கிறார்.

நீ சௌனா நீராவிக் குளியலுக்கு விறகு பிளந்தபோது அவர் கத்தியது எனக்கு உள்ளே கேட்டது. "மாப்ள, அந்தக் கட்டையைப் பொளக்க எத்தனை ஓட்டு வேணும்? ஒரு கமிட்டி வேணா போடலாமா?" சௌனாவின் சூட்டில் அவரால் உட்கார முடியாது. துணி மாற்றும் அறையின் பலகையில் அவரும், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே நீயும். அரைகுறைச் சூட்டில் குளித்துவிட்டு வந்து நன்றாக இருந்தது என்று பொய் சொன்னாய்.

அங்கே இரண்டு பேரும் என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து உன்னை நான் திட்டினால் மட்டும் கையைத் தூக்கிப் போதும் என்கிறார். பேச மூச்சில்லாததால் கை.

நான் இன்னும் உன்னை மன்னிக்கவில்லை. இறைச்சி வைத்த பேஸ்டி செய்து கட்டிக் கொடுத்தது பசிக்கு.

டாக்டர் கோடை வரை என்கிறார். கோடைக்கு அப்புறம் என்று நான் கேட்டதற்கு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

ஹில்யா


செயின்ட் பால்
1978 பிப்ரவரி 14

அக்கா,

மசோதா கமிட்டியைத் தாண்டிவிட்டது. மார்ச்சில் இறுதி வாக்கெடுப்பு.

தாண்டுவதற்கு ஒன்றை விட்டுக்கொடுத்தேன். நீ பத்திரிகையில் பார்ப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். டிப்டன் ஒரு திருத்தம் கேட்டார்: வரும் ஜூலை ஒன்றாம் தேதி உயிரோடு இருக்கும் நோயாளிகளுக்கும், அவர்களுக்குப் பின் அவர்களுடைய குடும்பங்களுக்கும் மட்டும்தான் இந்தச் சட்டம். அதற்கு முன் இறந்தவர்களுக்கு இல்லை. "செத்தவங்களுக்கெல்லாம் கணக்குப் பார்த்தா கம்பெனி தாங்காது ஆர்வோ" என்றார். தாங்காமல் போனால் என்ன என்று நாக்கு நுனி வரை வந்தது. போன வருடம் ஆதரித்தவர்களில் ஒருவர் பின்வாங்கிவிட்டார், டிப்டனும் இல்லாமல் எனக்கு முப்பத்துநான்கு இல்லை. ஒத்துக்கொண்டேன்.

ஆஞ்சலா போன்றவர்கள் விடுபடுகிறார்கள். தெரிந்துதான் செய்தேன். அத்தான் இருப்பார். கோடை வரை என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். அவரை ஜூலை வரை பார்த்துக்கொள் அக்கா.

ஆர்வோ


கிவிமா
1978 மார்ச் 14

ஆர்வோ,

போனில் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். ஸ்டான்கோ நேற்றுக் காலையில் போய்விட்டார். மேஜையில், தலையணையில் சாய்ந்தபடி. எழுப்ப நினைத்து அவருடைய காபியில் சர்க்கரை போட்டுக் கலக்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பகல் தேவாலயத்தில் பூசை. அன்றைக்குத்தான் வாக்கெடுப்பு என்றாய். எனக்கு அது தெரிய வேண்டாம். நீ வா.

ஹில்யா


செயின்ட் பால்
1978 மார்ச் 17, வெள்ளி மாலை

அக்கா,

நான் வரவில்லை. இதைப் படிக்கும்போது உனக்கு அது தெரிந்திருக்கும்.

காலையில் ஹால்வர் என் மேஜைக்கு வந்தார். கையில் தொப்பி.

"உங்க அத்தான் செய்தி கேட்டேன். போயிட்டு வாங்க ஆர்வோ. இந்தத் தடவை நான் ஜோடி நிக்கறேன்."

அந்த மனுஷன் மனதாரத்தான் சொன்னார். நான் போன வருடம் மறந்த அதே கணக்கை அவரும் மறந்திருந்தார். இறுதி வாக்கெடுப்பில் அவருடைய மௌனம் எனக்குப் பயன்படாது. என் நாற்காலி காலியாக இருந்தால் முப்பத்துமூன்றுதான்.

"முடியாது ஹால்வர். நான் இருந்தாகணும்."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு முகம் மாறியது. "அப்போ போன வருஷம்..." என்று ஆரம்பித்தார்.

"ஆமா."

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"டிப்டன் எழுந்தப்போ தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் உக்காந்திருந்தீங்க."

அவர் தன் இடத்துக்குப் போய், பெயரைக் கூப்பிட்டபோது எதிர்த்து வாக்களித்தார். அவர் கட்சி, அவர் ஊர், அவர் நம்பிக்கை. நான் ஆதரித்து வாக்களித்தேன். முப்பத்துநான்கு. என் பெயருக்கு நேரே நின்ற வாக்குதான் அந்த முப்பத்துநான்காவது.

அத்தானைத் தூக்க எட்டுப் பேர் வேண்டாம், நான்கு பேர் போதும் என்று நீ போனில் சொன்னாய். அது இன்னும் காதில் இருக்கிறது. சௌனாவில் அவர் என்னிடம் சொன்னதை இப்போது சொல்கிறேன். "என் சாவுக்கு நீ வரலைன்னா பரவால்ல மாப்ள. ஓட்டுக்கு மட்டும் போயிடு." அவர் கேலியாகச் சொன்னார். அதனால் நானும் கேலியாகவே சரி என்று வார்த்தை கொடுத்தேன்.

ஆர்வோ


கிவிமா
1978 மே 21

ஆர்வோ,

ஸ்டான்கோவுக்குக் கொடுத்த வார்த்தையையும் காப்பாற்றினாய். சரி. அதை இனி நான் பேசமாட்டேன்.

பனியில் இறுகிக் கிடந்த மண் போன வாரம்தான் குழி தோண்ட இளகியது. அதுவரை கல்லறைத் தோட்டத்தின் கல் கொட்டகையில் மற்ற பெட்டிகளோடு அவர் காத்திருந்தார். வெள்ளிக்கிழமை நீ வந்து மண் போட்டாய். உன்னோடு வந்த அந்த உயரமான ஆளுக்கு நான் பொட்டிட்சா இனிப்பு ரொட்டி வெட்டிக் கொடுத்தேன், இன்னொரு துண்டும் கொடுத்தேன், அதற்குப் பிறகுதான் பெயரைக் கேட்டேன். ஹால்வர் நெஸ் என்றார். தட்டைப் பிடுங்க முடியுமா? காபியையும் ஊற்றினேன்.

"உங்க தம்பி வார்த்தை குடுத்தா மாறமாட்டார்மா" என்றார்.

"எங்களுக்கு மட்டும்தான் அவன் அதைக் குடுக்கறதில்ல" என்றேன். அவர் வாய்க்குக் கொண்டுபோன பொட்டிட்சாவைத் தட்டில் வைத்தார்.

அப்போதுதான் ஆஞ்சலா வந்தாள். நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய்.

"இப்ப எங்க வரிசையில நீயும் சேந்துட்ட ஹில்யா. உன் ஆளு உயிரோட இருந்த வரைக்கும் ஜூலை ஒண்ணாம் தேதி உன் கண்ணுக்குத் தெரியல இல்ல?"

அவள் சொன்னது உண்மை. உன் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஸ்டான்கோவின் முகம்தான் தெரிந்தது. ஆஞ்சலாவின் முகம் தெரியவில்லை. உனக்கும் அப்படித்தான். அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு ஆளைக் காப்பாற்றப் பார்த்தோம். அவரும் ஜூலைக்குள் போய்விட்டார்.

சட்டம் நல்ல சட்டம். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் அதனால் அடுப்பு எரியும். அதை நீதான் கொண்டுவந்தாய், யார் வந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் செத்தவர்களும் அதே தூசியைத்தான் குடித்தார்கள். கொஞ்சம் வேகமாகக் குடித்தார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம்.

குழி மூடியபின் எல்லோர் முன்னாலும் கேட்டேன். ஜனவரியில் சபை கூடும்போது அந்தத் தேதியை எடுப்பாயா என்று. நீ தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாய். உன்னிடம் முப்பத்துநான்கு இல்லை, டிப்டன் போய்விடுவார், எனக்குத் தெரியும். முயற்சி செய்கிறேன் என்று மற்ற செனட்டர்கள் வாய் கூசாமல் சொல்வார்கள். நீ சொல்லமாட்டாய். சொன்னால் செய்ய வேண்டும் உனக்கு.

அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

ஹில்யா


கிவிமா
1978 ஜூலை 1

ஆர்வோ,

இன்று சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. யூனியன் ஹாலில் பேர் பதிகிறார்கள். வில்யோவுக்கும் இப்போது நெஞ்சில் தூசி, அவனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போது என் வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன். ஆஞ்சலா என் சமையலறையில், ஸ்டான்கோவின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எங்களைப் போலப் புருஷனைத் தூசிக்குக் கொடுத்த இன்னும் நான்கு பெண்கள் இருக்கிறார்கள். காபி போட்டிருக்கிறேன்.

மே மாதக் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. ஜூனில் போட்டதற்கும் இல்லை. உன் அலுவலகப் பெண், நீ ஊரில்தான் இருக்கிறாய் என்கிறாள். தபால்காரன் இப்போதுதான் கதவைத் தாண்டிப் போனான். ஆஞ்சலா ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருப்பது இதுதான் முதல் தடவை.

நடைபாதையில் சுவரைப் பார்த்து நின்ற ஒரு ஆளுக்கு, அவர் கேட்காமலே, யோசிக்காமல், கொடுத்தாயே. நாங்கள் ஆறு பேர் கேட்கிறோம். பேனாவை எடு. ஜனவரியில் அந்தத் தேதியை எடுப்பேன் என்று ஒரு வரி. ஹால்வர் நெஸ்ஸுக்குக் கொடுத்த அதே வார்த்தையை எங்களுக்கும் கொடு.

ஹில்யா